வெட்கம் என்று நினைத்த காய்ச்சல்

வெட்கத்துக்கும் எலிக்காய்ச்சலுக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

கஹவத்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் தெரணியகலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையிலேயே எனக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. அம்மா இரண்டு பரசிட்டமோலைக் கொடுத்து, "அவங்க போற வரைக்கும் சமாளிச்சுக்கடி" என்றாள். (ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதைக் காய்ச்சலுக்காக விடுவதா?) மாத்திரை மத்தியானம் வரை காப்பாற்றியது. தேத்தண்ணித் தட்டோடு நான் வெளியே வந்த நேரம் பார்த்துக் குளிர் தூக்கிப் போட்டது. கோப்பைகள் கடகடவென்று ஆடின.

"பாருங்க, புள்ளைக்கு என்னா வெக்கம்" என்று மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போனார். கெண்டைக்கால் வலியில் காலை இழுத்து இழுத்து நடந்தேன், அது அடக்கமாம். கண் சிவந்திருந்தது, பெற்றவர்களைப் பிரியப்போகிற துக்கமாம்.

கோப்பையை வாங்கும்போது மாப்பிள்ளையின் விரல் என் விரலில் பட்டது. "அம்மா, இவங்களுக்கு நெருப்பா கொதிக்குது" என்றார். பெண்ணின் கையைத் தொட்டுவிட்டானே என்று எல்லோரும் திகைத்து முடிப்பதற்குள் நான் தட்டோடு அவர் மேலேயே சரிந்தேன். (வெள்ளைச் சட்டை. கறை இன்னும் போகவில்லை.)

இரண்டு வீட்டாரும் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேறு, வயல், மாணிக்கக் குழி என்று எங்கேயாவது இறங்கினாளா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். சம்பந்தியாகப் போகிறவர் பக்கத்தில் நிற்கிறாரே! "எங்க புள்ள சேத்துல காலே வைக்கமாட்டா" என்றாள் அம்மா. டொக்டர் யோசித்தார். எனக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது.

"கான் கழுவினேன் டொக்டர்" என்றேன். "லயத்துக்கு முன்னாடி சாக்கடைத் தண்ணி போற கான். இவங்க வர்றாங்கன்னு போன வாரம் இறங்கினேன். கால்ல வெட்டுக்காயம் வேற."

"மீ உண மாதிரி இருக்கு" என்றார். மீ உண என்றால் சிங்களத்தில் எலிக்காய்ச்சல். இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றி, ஊசி போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். "சிறுநீர் எவ்வளவு போகுதுன்னு அளந்து வைக்கணும். கிட்னியைப் பார்க்கணும்" என்று டொக்டர் உரக்கச் சொன்னார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அன்றைக்கு நான் உண்மையாக வெட்கப்பட்டது அப்போதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்களுக்காகவா சாக்கடையில இறங்குன?" என்று கண் கலங்கினார். வார்டிலேயே கல்யாணம் பேசி முடிவானது.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், மாமியார் விருந்தாளிகளைக் கூப்பிட்டுச் சொல்வார்: "பொண்ணு பார்க்கப் போனப்ப இவ நடுங்குனா பாருங்க, அதுதான் கடைசி. இப்ப நடுங்குறது நாங்க."