வாசனைச் சவுக்காரமும் ஒரு முறம் மல்லாட்டையும்

திண்டிவனம்,
வெகுதானிய வருஷம், ஐப்பசி 12.

பட்டணத்தில் சவுக்காரக் கம்பெனி உத்தியோகத்தில் இருக்கும் என் பேரன் சிரஞ்சீவி சுப்பராயலுக்கு, ஆயா தையல்நாயகியின் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும், காது மந்தமான உன் தாத்தாவும், சினைப்பசுவும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கும் உன் உத்தியோகத்தின் க்ஷேமத்துக்கும் எழுதவும். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஊரில் பத்துப் பெண்களுக்குப் புது வாசனைச் சவுக்காரம் ஆளுக்கொரு கட்டி கொடுத்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை அவர்களை நம் கூடத்தில் உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்டாய். உள்ளதை உள்ளபடி எழுதித் தராவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேனேஜர் சொன்னதாகவும் சொன்னாய். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள்தான், ஆனால் அஞ்சிலும் முதலாவதாக வந்தவள், அதனால் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் வெற்றிலைத் தட்டை நீட்டினாயே, தாம்பூலம் கொடுத்தால் போய்வா என்றுதானே அர்த்தம்? அவர்களும் மடியில் கட்டிக்கொண்டு "வர்றோம் ஆயா" என்று எழுந்துவிட்டார்கள். நீ வாசலை மறித்துத் திரும்ப உட்காரவைத்தாய். கேள்வியாவது ஒழுங்காகக் கேட்டாயா? "சவுக்காரம் ரொம்ப நல்லா இருக்குது இல்லீங்களா?" என்றாய். தாம்பூலம் வாங்கின கையோடு யார் இல்லை என்பார்கள்? போதாததற்கு மாமியார் கோவிந்தம்மாளுக்குப் பக்கத்திலேயே மருமகள் அம்சாவை உட்காரவைத்தாய். மாமியார் "நல்லா கீதுப்பா" என்றதும் மருமகளுக்குத் தலை ஆடியது, மற்ற எட்டுத் தலையும் கூடவே ஆடின. அன்றைக்கு வாய் திறந்து பேசினது நீ ஒருத்தன்தான். பத்துப் பேருக்கும் "மிகவும் திருப்தி" என்று எழுதிக்கினு ரயிலேறிவிட்டாய்.

உன் வேலையைக் காப்பாற்ற மறுநாளே அவர்களை விதைக்கடலைக்கு மல்லாட்டை உரிக்கக் கூப்பிட்டேன். மாமியார் பின்கட்டில், மருமகள் முன்கட்டில், ஆளுக்கொரு முறம். கைக்கு வேலை கொடுத்தால் வாய்க்குக் கூச்சம் போய்விடும். நான் ஒன்றுமே கேட்கவில்லை. சவுக்காரத்தை எடுத்து முகர்ந்து பார்த்து "ஹும்" என்றேன், அவ்வளவுதான்.

"நொரைக்கவே மாட்டுது ஆயா, நாலு நாள்ல கரைஞ்சி பூடுச்சி" என்றாள் முன்கட்டில் அம்சாவோடு உரித்துக்கொண்டிருந்த பாஞ்சாலி. "குளிச்சிட்டு வந்தா, எவ ஊட்டுக் கல்யாணத்துக்குப் போறேன்னு எங்க அத்த கேக்குது" என்றாள் அம்சா. பின்கட்டுக்குப் போனால் கோவிந்தம்மாள், "அவ குளிச்சிட்டு வந்தா எம்புள்ள கயனிக்கே போவ மாட்றான்" என்கிறாள்.

பத்துக் குறையையும் தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன்னுடையதைக் கிழித்துவிட்டு இதைக் கொடு. கேட்கிறவன் தன் மனசில் இருப்பதை எதிராளி வாயில் வைக்கக் கூடாது. இதை மேனேஜருக்கும் சொல்லு, அவருக்கும் உதவும். இதற்கு மேலும் உன் வேலை போனால் என்னைக் கேள்.

மயிலம் முருகன் காப்பாற்றுவான். தலைக்கு எண்ணெய் வை.

இப்படிக்கு,
ஆயா தையல்நாயகி

பி.கு.: உறையை ஒட்டப்போனேன். பாஞ்சாலியும் அம்சாவும் வந்து, இன்னும் ரெண்டு கட்டி கிடைக்குமா என்கிறார்கள். "நொரைக்கலன்னியேடி" என்றேன். "நீங்க ஹும்னு மூஞ்ச சுளிச்சிக்கினு இருந்தீங்க. உங்க ஊட்ல உக்காந்துக்கினு, உங்களுக்குப் பிடிக்காதத நல்லா கீதுன்னு எப்படி ஆயா சொல்றது?" என்கிறாள் பாஞ்சாலி. ஆகையால் என் காகிதத்தைக் கொடுக்காதே, உன்னுடையதையும் கொடுக்காதே. மேனேஜரிடம் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வா. இந்தத் தரம் உன் தாத்தாவை நடுவில் உட்காரவைப்போம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அவருக்காக அவர்களும் உரக்கச் சொல்வார்கள், நாம் கிணற்றடியில் நின்று எழுதிக்கொள்ளலாம்.