குளம் என்று சொல்லிவிட்டேன்

சட்டத்தை மதிப்பவன் கெட்டுப்போக மாட்டான் என்பார்கள். உண்மைதான். அவன் வளர்த்த மீன்தான் கெட்டுப்போகும்.

நமுனுகுலப் பக்கம், நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் வழிகிற இடத்தில் ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, மீன்குஞ்சு விட்டேன். (எருமை படுத்தால் வால் வெளியே கிடக்கும், அவ்வளவுதான் அகலம்.) மீனை விற்று, என் மனைவி ராணியைக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரே ஆசைதான். மலை ஏறி இறங்கி அவளுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது.

மீன் வளர்க்க அனுமதி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கேட்டால்தான் சட்டம், கேட்காவிட்டால் வெறும் மீன் என்பது லயத்தின் கருத்து. ராணியும் அந்தக் கட்சிதான். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

அலுவலகத்தில் இருந்த ஐயா தன்மையாகத்தான் கேட்டார்.

"தொட்டியா, குளமா?"

தொட்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "குளமுங்க சார்" என்றேன்.

அவர் மொனராகலையில் வேலை பார்த்தவர். அங்கே குளம் என்றால் ஊர் வயலுக்கெல்லாம் பாய்கிற குளம். அணைக்கட்டு எங்கே, விவசாயிகளின் சம்மதம் எங்கே, நிலம் யாருடையது என்று ஆரம்பித்துவிட்டார். தேயிலை மலையில் வயல்காரனுக்கு நான் எங்கே போவேன்? நிலத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், தோட்டத்தை நடத்தும் துரை கையை விரித்தார்; போட்டுக் கொடுத்தால் நாளைக்கு நிலமே எங்களுடையது என்போமாம். திரும்பிப் போய், அது தொட்டிதான் என்று கெஞ்சினேன். சொன்னதை மாற்ற முடியாதாம். நேரில் வந்து பார்ப்பார்களாம். அதுவரை ஒரு மீனைக்கூடப் பிடிக்கக் கூடாதாம்.

வறட்சி வந்தது. ஊற்று நின்றது. லயத்துக்குக் குழாய் வழியாக வரும் பீலித் தண்ணீர் குடிக்கவே போதவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இப்போதாவது பிடித்து விற்கலாம் என்று சொல்லி வந்த லயத்து ஆட்களைக் கம்போடு நின்று விரட்டினேன். (சட்டமாயிற்றே.)

"சட்டத்துக்குத் தாகம் எடுக்காதுங்க" என்றாள் ராணி. "மீனுக்கு எடுக்கும்."

எல்லாம் செத்த பிறகுதான் ஐயா வந்தார். காய்ந்த சேற்றைச் சுற்றிப் பார்த்தார். குளம் எதுவும் இல்லாததால் அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அழுவதா சிரிப்பதா என்று யோசித்து, அழுதேன்.

இப்போதும் காலையில் சாப்பாடு கட்டும்போது நான் மீன்குழம்பு கேட்டால், "அனுமதி வந்துருச்சாங்க?" என்பாள் ராணி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்குள் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்க, ஆள் கூப்பிடும் சத்தம் கேட்கும். ராணி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி மலை ஏறுவாள்.