வெறும் வயிற்றில் விழுங்கிய பாசம்

"ஏனுங்க, வாயத் தொறங்க. ஒரே ஒரு ஆஸ்பிரின்தானுங்க."

பல்கூடத் துலக்காத பொங்கியண்ணன் மிரண்டு போனார். எதிரே மனைவி மருதம்மாள், மாத்திரையும் தம்ளருமாக.

"எதுக்குப் புள்ள?"

"தெனம் ஒண்ணு போட்டா கேன்சர் வராதாமா. போன்ல வந்துச்சுங்க."

"கொடல்ல கேன்சர் வந்தது உங்கம்மாளுக்கு. நான் எதுக்கு முழுங்கோணும்?"

"நீங்க இல்லாட்டி நான் என்னங்க ஆவேன்?"

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இப்படியொரு வசனம் வந்ததே இல்லை. வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துபவர் பொங்கியண்ணன். முதலில் ஒரு சாம்பிள் தைத்து, அதை மருதம்மாள் மூன்று முறை துவைத்துப் பார்த்துச் சரி சொல்லாமல், எந்த ஆர்டரையும் ஓட்டாதவர். அவர், எதையும் சோதிக்காமல் விழுங்கினார்.

நான்காம் நாள் வயிறு எரிந்தது. சாயப்பட்டறை பாய்லரையே விழுங்கியது போல எரிந்தது.

"எப்படிங்க இருக்குது? எரியுதுங்களா? தல சுத்துதுங்களா?" என்று மருதம்மாள் தினமும் கேட்டு நோட்டில் குறித்தாள்.

அடடா, என்ன அக்கறை! அவள் மனசு நோகக் கூடாதே.

"ஜம்முனு இருக்குது புள்ள!"

"வெறும் வயித்துல போட்டா எரியத்தானுங்க செய்யும்" என்றார், கம்பெனியில் அவர் புலம்பியதைக் கேட்ட கட்டிங் மாஸ்டர் குருசாமி. பொங்கியண்ணன் பதினான்கு இட்லியை அமுக்கிவிட்டுப் போட்டார். வயிறு உப்பியது. சோடா குடித்தார். ஏப்பம் காதர்பேட்டை வரை கேட்டது. வலி மட்டும் போகவில்லை. வலிக்கு இன்னொரு மாத்திரை போட்டார். மூன்றாம் வாரம், காலையில் வெளிக்குக் கறுப்பாகப் போனது.

"கேன்சர் வந்துருச்சுங்களா?" என்று டாக்டரிடம் நடுங்கினார்.

சோதித்துப் பார்த்த டாக்டர் எகிறினார். "கேன்சர் இல்லீங்க, வயித்துல புண்ணு! ரத்தம் கசியுது. ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் ஒரே வகைங்க, ரெண்டும் சேந்து அரிச்சிருக்குது. யாரக் கேட்டுப் போட்டீங்க? உங்க குடும்பத்துல யாருக்காச்சும் கேன்சர் இருந்துச்சா?"

"மாமியாருக்குங்க."

"அப்ப யோசிக்க வேண்டியது உங்க சம்சாரமுங்க. அதுவும் டாக்டரைக் கேட்டுட்டு. உங்களுக்கு எதுக்கு?"

"பாசமுங்க..."

வைத்தியம் முடிந்து தேறியதும், மிச்ச மாத்திரை அட்டையைத் திருப்பித் தர மெடிக்கல் கடைக்குப் போனார். குழப்பம் மட்டும் தீரவில்லை. மாமியார் வியாதிக்கு மருமகனுக்கு ஏன் மாத்திரை?

கடைக்காரர் குகன் அட்டையை வாங்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"அடடா, சாம்பிள் பெயிலுங்களா? உங்களுக்கு ஒரு மாசம் ஒத்துக்கிட்டா, தனக்கு மொத்தமா எடுத்துக்கறேன்னு மருதம்மாக்கா சொல்லியிருந்தாங்களே!"