காங்கோவுக்கு ஆள் பிடித்தவர்

காங்கோ நாட்டுக்கு வாய்த்த தூதர்களிலேயே மோசமானவர் கொல்லிமலை வாசலூர்பட்டியில், படகுத் துறைக்கு எதிரே, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சம்பளம் கிடையாது. யாரும் நியமிக்கவும் இல்லை. தங்களுக்காக ஒருவர் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறார் என்று அந்த நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால், நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியிருப்பார்கள்.

ஊரில் அவருக்குக் காங்கோக்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் ரேஷன் கடையில்கூட முழிப்பார்கள். மலைக்காரர்கள் நாடு என்று சொல்கிற ஊர்த்தொகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில் பிறந்து, மலையிறங்கி, திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர்வெல் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து, வண்டியைக் கப்பலில் ஏற்றியபோது தானும் பின்னாலேயே காங்கோவுக்குப் போனவர். நான் செம்மேட்டில் ஓர் ஆபீசில் பேனா தேய்த்துக்கொண்டிருந்தபோது லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நல்ல டீ குடிக்க அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை. டீயோடு காங்கோவையும் விழுங்க வேண்டியிருந்தது.

அவர் சும்மா லீவில் வரவில்லை. அங்கே வண்டிகளையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு தங்குகிற ஆள் வேண்டும், வீடு தருகிறேன், ஆடி முடிவதற்குள் பெண்டாட்டியைச் சம்மதிக்க வை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தது லீவு நாட்களில் மட்டும்தான். இந்த முறை கூட்டிக்கொண்டு போகவில்லையென்றால் பழையபடி அவர் அங்கே, அந்த அம்மாள் இங்கே.

அந்த அம்மாள்தான் டீக்கடைக்காரி செல்லம்மா. தேவனூர் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். செல்லம்மா அம்மி இல்லை.

"நாமக்கல்லுக்கு பஸ் ஏறுனாலே நாலாவது கொண்டை ஊசியில எனக்கு வாந்தி வருதுங்க சார். இந்த மனுசன் காங்கோவுக்குக் கூப்படறாரு. அங்க ஒரே சண்டையாம், காய்ச்சலாம், காடாம்!"

"எல்லாம் டிவிக்காரன் சொல்றதுங்க. எங்கியோ ஒரு மூலையில நடக்கறதை நாடு பூராவும்னு காட்டறான்" என்றார் காங்கோக்காரர். "நம்ம மலையைப் பத்திக் கீழ என்ன பேசறாங்க? மேல போனா பேய் அடிக்கும், போனவன் திரும்ப மாட்டான்னு. வந்தவங்கல்லாம் பஜ்ஜி தின்னுட்டு ஊட்டுக்குப் போறாங்களா இல்லியா?"

இதுவரைக்கும் அவர் பேச்சில் நியாயம் இருந்தது. இதோடு நிறுத்தியிருக்கலாம். செல்லம்மா உதட்டைச் சுழித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும், அடுப்புக்குக் கேட்கிற சத்தத்தில் சுற்றுலா வந்தவர்களிடம் ஆரம்பித்தார்.

கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி, முகம் வெளுத்து ஒருவர் காரிலிருந்து இறங்கினார். "ஏனுங்க, காங்கோவுக்குப் போங்க. நான் வேலை செய்யற பக்கம் இந்த வளைவே கிடையாது."

"அப்படியா? ரோடு நல்லா இருக்குமா?"

"பல இடத்துல ரோடும் கிடையாதுங்க."

மிதிபடகுக்கு வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தை அவர் விட்டுவைக்கவில்லை. "இதுவாங்க தண்ணி? காங்கோ ஆறு பூமத்திய ரேகையை ரெண்டு வாட்டி தாண்டுது. ஒலகத்துலயே ஆழமான ஆறு. அதுல மிதிச்சுக்கிட்டுப் போனா பேரன் எடுத்துட்டுத்தான் கரையேறுவீங்க." குடும்பத் தலைவர் கொஞ்சம் யோசித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டார். டிக்கெட் கொடுப்பவர் கடைக்கே வந்து சண்டை போட்டார்.

ஓர் இளைஞர் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "நண்பர்களே, யாருக்கும் தெரியாத சொர்க்கத்துல நிக்கறேன்" என்று வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். காங்கோக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "காங்கோவுக்கு வாங்க! பக்கத்துல அதே பேருல ஒரு சின்ன காங்கோ இருக்குது, ஏமாந்துடாதீங்க, நான் சொல்றது பெருசு. நூறு அடியில தண்ணிங்க! நம்ம கீழ்நாட்டுல ஆயிரம் அடி ஓட்டுனாலும் புழுதிதான் பறக்குது!"

உலகத்தில் எந்தச் சுற்றுலாப் பயணி நிலத்தடி நீரைப் பார்க்க விமானம் ஏறுகிறான்? மழைக்காடு இருக்கிறதாம், மனிதக் குரங்கு இருக்கிறதாம், தீக்குழம்பு கொதிக்கிற மலை இருக்கிறதாம். இந்த மனிதருக்கு நூறு அடியில் தண்ணீர்தான் முதல் காரணம். ஒரு நாட்டின் அருமையை இவ்வளவு கேவலமாக எடுத்துச் சொல்ல முடியும் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆடி நோம்பித் திருநாளுக்குத் தக்காளிச் சிவப்பில் கோட்டு, மஞ்சள் பேண்ட், தொப்பி, முகம் தெரிகிற பளபளப்பில் ஷூ என்று கிளம்பினார். மழை பெய்து சேறாகக் கிடந்த பாதையில் குதிகாலால் நடந்து வந்தார்.

"அங்க ஞாயித்துக்கிழமையானா கொத்தனாரும் மெக்கானிக்கும் இப்படி உடுத்திக்கிட்டு வீதியில நடப்பாங்க. பாக்கறதுக்குன்னே ஊரு கூடும். அழகா இருக்கறதுக்குக் காசு முக்கியமில்லீங்க, மனசுதான்."

"மாடு மிரளுது. உள்ள போய்க் கழட்டுங்க" என்றார் செல்லம்மா. உண்மையிலேயே ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஆடியின் கடைசி ஞாயிறும் வந்தது. நான் போனபோது கடை முன்னால் கூட்டம், ஓரமாக ஒரு ஜீப் எஞ்சின் ஓடியபடி நின்றது. காங்கோக்காரர் மரவள்ளி இலையைப் பறித்து, உரலில் இடித்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் காலையிலிருந்து வேகவைத்து, நிலக்கடலை அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்திருந்தார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதன் விபரீதம் புரியாது. கொல்லிமலைக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்புவார்கள். இலைப் பக்கம் ஆட்டைக்கூட விடமாட்டார்கள். தின்ற ஆடு செத்துப்போகும்.

"அங்க கிழங்கும் சோறு, இலையும் கொழம்புங்க. இடிச்சு நல்லா வேகவெச்சா வெசம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே தட்டில் போட்டுக்கொண்டார்.

"ஆடே அரை நாள் தாங்காது, சாமி" என்றார் ஒரு பெரியவர்.

"நான் ஆடு இல்லீங்க."

"அது இப்பத் தெரிஞ்சுடும்."

அவர் சாப்பிட ஆரம்பித்தார். கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது. இருமினால் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்ட ஜீப் டிரைவர் தயாராக இருந்தார். காங்கோக்காரரோ இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் பார்த்தார். முதல் முறையாக அவர் குரல் இறங்கிக் கேட்டேன்.

"ரெண்டு வாய் தின்னு பாரு, புள்ள. அங்க தனியா உக்காந்து இதைத்தான் தின்னுக்கிட்டிருக்கறேன்."

எனக்கு அந்த ஆளை அதுவரை பிடித்ததே இல்லை. அந்த நிமிஷம் செல்லம்மா சரி என்று சொல்லிவிட வேண்டுமே என்றிருந்தது.

செல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, புருஷனின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டார். "ஐயோ, கண்ணு!" என்று பெரியவர் பதறினார்.

"சும்மா இருங்க மாமா. இவரு மட்டும் செத்துட்டா நான் யாரைத் திட்டறது?" என்றவர், மெதுவாக மென்று விழுங்கினார். "ஏனுங்க, இதையா இத்தனை வருசமாத் தின்னீங்க?"

"ஆமா புள்ள."

"உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. இதுக்கா அம்புட்டுப் பெருமை?" இன்னொரு கவளத்தை உருட்டினார். "நம்ம மெளகு எடுத்துக்கிட்டுப் போனா ஏரோப்ளேன்ல ஏத்துவாங்களா?"

காங்கோக்காரர் அத்தனை பேருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். ஜீப் டிரைவர் ஏமாற்றத்தோடு எஞ்சினை அணைத்தார்.

இப்போது கடையை வேறு யாரோ நடத்துகிறார்கள். டீ வாயில் வைக்க முடியவில்லை. அவ்வப்போது செல்லம்மா காங்கோவிலிருந்து போனில் பேசி அனுப்புவார். "ஆறு பெருசுதானுங்க சார், அதுக்கு நான் என்ன பண்றது? வெயிலு பொசுக்குது. இவங்களுக்கு டீ போடத் தெரியல, நான்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கறேன்." பின்னாலிருந்து ஒரு குரல், நான் ஏன் கட்டாயம் அங்கே வரவேண்டும் என்பதற்குப் புதிது புதிதாகக் காரணம் கத்திக்கொண்டிருக்கும்.

காங்கோவைப் போய்ப் பார்க்க அவர் சொன்னதில் ஒரு காரணமும் எனக்கு இன்றுவரை உருப்படியாகத் தோன்றவில்லை. அவரைத்தான் ஒரு தரம் பார்த்துவிட்டு வரவேண்டும் போலிருக்கிறது.