படகிலிருந்து அவன் இறங்கியே ஆக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாத இதழின் நெடுநாள் வாசகனும், உங்கள் முப்பத்திரண்டு பற்களும் ஆடாமல் அசையாமல் இருக்க விரும்புபவனுமான ஒரு பல் மருத்துவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என்னிடம் வருகிறவர்கள் யாரும் நலமில்லை. அவர்கள் நலமாக இருந்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

மாதாமாதம் ஒரு காதல் குறுநாவலையும் ஒரு அறிவியல் குறுநாவலையும் சேர்த்து வெளியிடுகிறீர்கள். நான் எப்போதும் பின்பாதியை மட்டும் படிக்கும் கட்சி. விண்கலம் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் ஒரு மனக்குறை. போன மாதக் கதையில் மூன்று தலைமுறையாக ஒரு விண்கலம் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் பொறியாளர் இருக்கிறார், செடி வளர்க்க ஆள் இருக்கிறார், எந்திர மனிதனுக்குப் பேச்சுத்துணையாக இன்னொரு எந்திர மனிதன்கூட இருக்கிறான், பல் மருத்துவர் மட்டும் இல்லை. அத்தனை பேரும் காலையும் மாலையும் சர்க்கரைப் பாகைக் குழாயில் உறிஞ்சுகிறார்கள். புதுக் கிரகம் போய்ச் சேரும்போது இறங்குகிற ஒருவர் வாயிலும் ஒரு பல் மிஞ்சாது. அங்கே இருப்பவன் இவர்களைப் பார்த்துப் பயப்படுவானா, பரிதாபப்படுவானா?

காதல் கதையைப் பற்றி, புரட்டிப் பார்த்த வரையில், கேட்கவே வேண்டாம். கதாநாயகி சிரித்தால் முத்து உதிர்கிறது. உதிர்ந்தால் என்னிடம் அல்லவா வர வேண்டும்? விடிந்ததும் முகத்தோடு முகம் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். இருவரும் பல் தேய்த்த பாடில்லை. ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகும் சந்தேகத்தை எண்பது பக்கத்துக்கு இழுக்கிறார்கள். இப்படியெல்லாம் இளக்காரமாகப் பேசித் திரிந்தவன் இப்போது வசமாக மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் நோயாளியின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. பல்லைச் சொல்லலாம். ஆகவே என்னை மாட்டவைத்த பெண்மணியைக் கடைவாய்ப்பல் என்றே சொல்கிறேன், மன்னிக்கவும். என் வயதை ஒட்டியவர், என்னைப் போலவே தனி ஆள், ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை, ஊசி என்றாலே நடுக்கம். ரூட் கேனால் செய்ய உள்ளே கூப்பிட்டால், வரவேற்பறையில் கிடந்த உங்கள் இதழைக் கையிலிருந்து கீழே வைக்காமலே வந்து நாற்காலியில் சாய்ந்தார். கடிகாரக் கடைக்காரிக்கும் கப்பல் சமையல்காரனுக்கும் காதல் வருகிறதே, அந்தக் கதை. அவள் துறையில் நிற்கிறாள், கடைசிப் படகு வருகிறது, அதில் அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்லாமல் முதல் பாகத்தை வெட்டிவிட்டீர்களே, அதே கதைதான்.

“முடிவு தெரியாம நான் வாயைத் திறக்க மாட்டேன், டாக்டர்.”

“எனக்குத் தெரியும். நீங்க திறங்க, சொல்றேன்.”

“ரெண்டாம் பாகம் இன்னும் வரவே இல்லையே?”

“அந்த ஆசிரியர் எனக்கு ரொம்ப வேண்டியவர். எல்லாத்தையும் முன்னாடியே என்கிட்ட சொல்லிடுவார்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

நம் இருவருக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துக்கு வாயில் வந்துவிட்டது. ஊசி போட்டேன், டிரில்லை எடுத்தேன், கதையையும் எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் விண்வெளி. அதனால் படகு நடுக்கடலில் ஒரு காலச் சுழலில் மாட்டிக்கொண்டது. படகில் இருக்கும் அவனுக்கு ஒரு மணி நேரம்தான். கரையில் நிற்கும் அவளுக்கு இருபது வருஷம். கடையிலுள்ள அத்தனை கடிகாரத்துக்கும் சாவி கொடுத்துக் கொடுத்தே அவள் தலை நரைக்கிறது. ஒரு நாள் படகு வந்து சேர்கிறது. அவன் இறங்கி, “ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேனா?” என்கிறான். அவள், “இல்லையே, நானும் இப்பதான் வந்தேன்” என்கிறாள். இதைச் சொல்லும்போது என் கை தானாக நின்றுவிட்டது. கடைவாய்ப்பல்லின் கண்ணோரத்தில் நீர். “வலிக்குதா?” என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

அடுத்த முறை வந்தபோது, “அந்தப் படகு வர்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்” என்றார். சொன்னேன். ஆசிரியரே, உடைத்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவர் பல்லிலிருந்து நரம்பை எடுத்துவிட்டேன். வலி என் பக்கம் வந்துவிட்டது.

வருகிற வியாழக்கிழமை அந்தப் பல்லுக்குக் கேப் போட்டுக்கொள்ள வருகிறார். அதற்குள் உங்கள் இதழ் கடைக்கு வந்துவிடும். நீங்கள் பாட்டுக்கு, அவன் படகில் வரவே இல்லை, அவள் பக்கத்துக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அச்சடித்துவிட்டால் என் கதி என்ன? பொய்யன் என்று தெரிந்தவனிடம் யார் வாயைக் காட்டுவார்கள்? தயவுசெய்து அவனைப் படகிலிருந்து இறக்கிவிடுங்கள். காலச் சுழல் பிடிக்கவில்லை என்றால் எஞ்சின் கோளாறு என்றாவது போடுங்கள். அந்த இரண்டு வசனம் மட்டும் அப்படியே இருக்கட்டும். எழுத்தாளர் கோபித்துக்கொண்டால் ஆயுள் முழுக்க அவருக்குப் பல் சுத்தம் செய்வது என் பொறுப்பு. விண்கலத்துக்குப் பல் மருத்துவர் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரே கடிதத்தில் இரண்டு உதவி கேட்பது முறையல்ல.

தங்களுக்கும், தங்கள் அலுவலகத்தில் உள்ள ஒவ்வொருவரின் ஈறுகளுக்கும் என் அன்பான விசாரிப்புகள். படுக்கப் போகும் முன்பும் ஒரு முறை பல் தேய்க்கவும்.

மேலே சொன்ன ஒரு பொய்யைத் தவிர
மற்றபடி தங்கள் உண்மையுள்ள,
வாசகப் பல் மருத்துவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், வரவேற்பில் இருக்கும் அக்கா முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இந்தப் பத்திரிகைக்கா எழுதியிருக்கீங்க? கடைவாய்ப்பல் மேடம் வேலை பாக்குறதே அங்கதானே டாக்டர். வாசகர் கடிதத்தையெல்லாம் பிரிச்சுப் படிக்கிறது அவங்கதான். கதையெல்லாம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சிடுவாங்களாம். ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. ஆக, முடிவு அவருக்கு முதலிலிருந்தே தெரியும். நான் ஆசிரியருக்கு வேண்டியவன் இல்லை என்பதும் தெரியும். அத்தனையும் தெரிந்துகொண்டுதான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கிறார். ஆகவே, ஆசிரியர் அவர்களே, முடிவில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்து சேருமா என்பதே இப்போது சந்தேகம்.

கடைவாய்ப்பல் அவர்களே, கேப் போடுவது சின்ன வேலை. அதற்கு மேல் அன்று வேறு யாரையும் பார்க்கப் போவதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். எதிரே ஒரு காப்பிக் கடை இருக்கிறது. கேப் போட்ட கையோடு சூடாக எதையும் குடிக்கக்கூடாது என்று மருத்துவனாக நான் சொல்ல வேண்டும். ஆற வைத்துக் குடிக்கலாம், எனக்கு அவசரமில்லை. உண்மையான முடிவை நீங்கள் சொல்லுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.