எவாரிஸ்தோ சாமியின் லத்தீன் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் மொழிப் பட்டியலை மூன்றாம் தடவையாக மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தான் தார்சீசியோ. கேள்விப்படாத தீவுகளின் மொழியெல்லாம் இருந்தது. லத்தீன் மட்டும் இல்லை.

"இல்லையா?" என்றார் பின்னால் நின்ற எவாரிஸ்தோ சாமி. ரோமில் லத்தீன் கடிதங்கள் எழுதும் அந்தத் திருச்சபை அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். அலுவலகத்தின் தலைமைக் கம்ப்யூட்டர் அவர் மேசையில்தான் துணி போர்த்தி இருந்தது. லத்தீனில் வந்தால்தான் தொடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுப்பா. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் விட்டுடுவேனா சாமி? நானே உண்டாக்கித் தர்றேன்."

இல்லையென்று சொல்லும் நிலையிலா அவன் இருந்தான்? தற்காலிக வேலை. மார்ச் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. சாமி மனது வைத்தால் மேல்மாடி இலாரியோவைப் போல நிரந்தரமாகி, நாளெல்லாம் காபி குடித்துக்கொண்டு காலம் தள்ளலாம். மனைவி லொரெதானாவுக்கு எட்டாம் மாதம். குடியிருப்பதோ மாமனார் வீட்டில். தட்டில் பாஸ்தாவைப் போட்டதும் அவர் தவறாமல் கேட்பார்: "என்ன மாப்பிள்ளை, நிரந்தரம் ஆச்சா?" அதற்கப்புறம் தொண்டையில் என்ன இறங்கும்?

ராப்பகலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் லத்தீனாக்கினான். திற, மூடு, அச்சிடு, கிழமை, மாதம், ஒன்றையும் விடவில்லை. சாமி எட்டி நின்று பார்த்தார். முகம் வாடியது.

"மார்ச் பன்னிரண்டுன்னு போட்டிருக்கே. எந்த ரோமன் அப்படிச் சொன்னான்? மாச நடுவுல ஈதுஸ்னு ஒரு நாள் வரும். அதுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னுதான் சொல்லணும்."

"தேதியைப் பின்னாலேர்ந்து எண்ணணுமா?"

"கஷ்டமா இருந்தா விட்டுடேன்."

விடுவானா? பின்னாலிருந்து எண்ண வைத்தான். ஈதுஸுக்கு மூன்று நாள் என்று காட்டியது. வாசல் கதவிலிருந்து சமையலறை வரை அலுவலகமே அந்தக் கம்ப்யூட்டரிடம்தான் தேதி கேட்கும். லத்தீன் தெரிந்த சமையல்காரர் அதைப் படித்துவிட்டு, மறுநாள் வரவேண்டிய போலந்து ஆயருக்கு அன்றைக்கே உப்புமீன் சமைத்துவிட்டார். ஆயரைக் காணோமே என்று எல்லோரும் தின்று தீர்த்தார்கள். மறுநாள் ஆயர் வந்து காய்ந்த ரொட்டியைக் கடித்தார்.

"பதினஞ்சுல பன்னிரண்டு போனா மூணுதானே சாமி?"

"ரோமன் ரெண்டு முனையையும் சேர்த்து எண்ணுவான். நாலுன்னு காட்டணும். மூணுன்னா அது நாளைய தேதி. உனக்கு ஏம்பா இந்தத் தலைவலி?"

தார்சீசியோவுக்கு அழுகையே வந்தது. அடக்கிக்கொண்டு அதையும் திருத்தினான். ஈதுஸ் அன்று சாயங்காலம் சாமி எவ்வளவோ தேடியும் ஒரு குறைகூட அகப்படவில்லை. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவனுடைய அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை.

வாயிற்காவலர் நஸ்ஸரேனோ உள்ளேயிருந்து இயந்திரத்தைப் பார்த்தார். "உன் ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுதே தம்பி."

"எப்படிண்ணே? மார்ச் கடைசி வரைக்கும் இருக்கே."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. ஈதுஸ் தாண்டிவிட்டால் ரோமானியன் மார்ச்சை விட்டுவிடுவான். ஏப்ரல் முதல் தேதிக்கு இத்தனை நாள் என்று எண்ணத் தொடங்குவான். ஏப்ரல் என்ற பெயரைக் கண்டதுமே கம்ப்யூட்டர் அவன் கணக்கை முடித்துவிட்டது. தன்னைத் தானே வேலையிலிருந்து நீக்கிக்கொண்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மழைத் தூறலில் படியிலேயே உட்கார்ந்தான். போனில் லொரெதானா கூப்பிட்டாள். எடுக்கத் தைரியமில்லை.

நஸ்ஸரேனோ காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. லத்தீன் முழுசா முடிஞ்சிடுச்சு, கதவு ஒண்ணுதான் மக்கர் பண்ணுதுன்னு."

"சொன்னேன். முகத்துல ஈயாடல. ஜெபக்கூடத்துக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்."

"அவர் கேட்டதையெல்லாம் செஞ்சேனே. அப்படி என்னண்ணே குறை வெச்சேன்?"

நஸ்ஸரேனோ சர்க்கரையை நிதானமாகக் கலக்கினார்.

"குறை வெக்காததுதான் தம்பி குறை. அவருக்குக் கம்ப்யூட்டர்னாலே நடுக்கம். லத்தீன்ல வந்தா தொடுறேன்னு சொல்லித்தான் இத்தனை வருஷம் தப்பிச்சுக்கிட்டிருந்தார். மேல்மாடி இலாரியோவும் இதே வேலைக்கு வந்தவன்தான். வந்த அன்னைக்கே ‘என்னால முடியாது சாமி’ன்னான். கட்டிப்பிடிச்சு, அங்கேயே நிரந்தரம் பண்ணிட்டார்."