பந்தல்காரர் போட மறுத்த பந்தல்

கள்ளக்குறிச்சியில் எந்தத் திட்டம் வரும், எது வராது என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருப் பந்தல்காரர். எதைப் பற்றிக் கேட்டாலும் "வராது சார்" என்பார். சொன்னதில் முக்கால்வாசி பலித்துவிடும். மீதியை "இன்னும் முழுசா வரலியே" என்று சமாளித்துவிடுவார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் பந்தல்காரர்தான். சாமியானா, இரும்புக் கம்பம், பிளாஸ்டிக் நாற்காலி, மேடைக் கம்பளம், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுவார். வாசலில் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். ஆனால் வருகிறவர்களை உட்காரச் சொல்ல மாட்டார். "உக்காந்தா கால் ஒடஞ்சாலும் ஒடஞ்சிடும் சார், நம்ப முடியாது" என்பார். அதே நாற்காலியைத்தான் மறுநாள் கல்யாண வீட்டுக்கு அனுப்பி வைப்பார்.

ஒரு தடவை அவரோடு உளுந்தூர்பேட்டைக்குப் பஸ்ஸில் போனேன். ஏறுவதற்கு முன் போர்டைப் படித்தார், கண்டக்டரைக் கேட்டார், டிரைவரைக் கேட்டார், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எழுப்பியும் கேட்டார். எல்லோரும் உளுந்தூர்பேட்டை என்றுதான் சொன்னார்கள். இறங்கியதும் பரோட்டாக் கடைக்காரரிடம் போய், "இது உளுந்தூர்பேட்டதானே?" என்றார். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லன்னா இன்னா பண்ணுவ? திரும்ப பஸ்ல ஏறிக்குவியா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அவர் மட்டும் அசரவில்லை. "கேட்டா தப்பா சார்?" என்றபடி பரோட்டாவைப் பிய்த்து உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்தார்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா சொல்வார்: "தாலி கட்டி, சாப்பாடு முடிஞ்சி, கிளம்புற நேரத்துல எங்கப்பாவாண்ட போயி, 'பொண்ண நெசமாவே அனுப்பி வெப்பீங்களா?'ன்னு கேட்டவரு தம்பி இவுரு. எங்கப்பா அப்பவே யோசிச்சிருக்கணும்."

இப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே அடிக்கல் நாட்டினாலும் பந்தல் அவருடையதுதான். காலையில் பந்தல் போடுவார், பெரிய மனிதர்கள் வருவார்கள், பேசுவார்கள், கல்லை நட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் இவர் பந்தலைப் பிரிப்பார். அதோடு சரி. கல் நிற்கும், கட்டடம் வராது. இந்தக் காட்சியையே வருஷக்கணக்காகப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை இருக்கும்?

ஒருநாள் கல்வராயன் மலைமேல் கரியாலூரில் ஏதோ பள்ளிக்கூட விழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு குட்டி யானை வண்டியில் மலையேறினார். அருவி பார்க்கும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் எனக்கு அருவியைப் பற்றிச் சொல்வார் என்று பார்த்தால், கல்லைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"அதோ பாருங்க சார், பழம் பதப்படுத்துற ஆலை வருதுன்னாங்க. பந்தல் நம்முது."

பார்த்தேன். கல்லின் மேல் யாரோ சாமை காய வைத்திருந்தார்கள்.

"இது தங்கும் விடுதி. இதுக்கும் நம்ம பந்தல்தான். மழை வேற அன்னிக்கி."

விடுதியில் ஓர் ஆடு தங்கியிருந்தது.

கல்வராயன் மலையின் அழகையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டாத கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த ஒரே சுற்றுலாப் பயணி நானாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் போக, ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. டீக்கடையில்தான் ஆரம்பித்தது. "கவனிச்சியா? பந்தல்காரன் பந்தல் போட்டா கட்டடம் வர்றதில்ல. அவன் கைராசி அப்படி." விளையாட்டாகச் சொன்னதுதான். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. ஊரில் யார் என்ன சொன்னாலும் நம்பாத மனிதர், தன் கைக்கு ராசி இல்லை என்று சொன்னதை மட்டும் பட்டென்று நம்பிவிட்டார்.

"கண்ணாலத்துக்கு நம்ம கை நல்ல கை சார். நான் பந்தல் போட்ட ஜோடி எல்லாம் புள்ளகுட்டியோட நல்லா கீறாங்க. கல்லுக்குத்தான் ஆவல" என்று என்னிடம் சீரியஸாகச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், தேன்மொழி. கபடி ஆடுகிற பெண். ரைடு போனால் எதிரணியில் ஒருத்தியையாவது தொட்டுவிட்டு வராமல் திரும்ப மாட்டாள். ஊரில் பெண்கள் கபடி ஆட இருந்த இடம் சந்தைத் திடல்தான். சந்தை நாளில் அழுகிய தக்காளி, மற்ற நாளில் சரளைக்கல், மழை வந்தால் சேறு. அதைவிடப் பெரிய சங்கடம், இப்போதெல்லாம் பெரிய போட்டிகள் ரப்பர் மேட் விரித்துத்தான் நடக்கின்றன. மண்ணில் ஆடிப் பழகிய எங்கள் பிள்ளைகள் வெளியூர் போய் அந்த மேட் மேல் கால் வைத்ததும் வழுக்கி விழுந்து முதல் சுற்றிலேயே திரும்பி வந்தார்கள். தேன்மொழி முட்டியில் கட்டோடு வந்தாள். வந்தவள் அழவில்லை. அப்பாதான் அழுதார்.

மறுநாளே தன் கல்யாண மேடைக் கம்பளத்தைக் கொண்டுபோய்த் திடலில் விரித்துவிட்டார். கபடிக்குக் கோடு வேண்டுமே? வெள்ளைப் பெயிண்டால் அதையும் போட்டார். பெண்கள் அதில் பழகினார்கள். முகூர்த்த நாளில் அதே கம்பளம் கல்யாணத்துக்குப் போகும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, கம்பளத்துல கோடு?" என்று கேட்டார். பந்தல்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், "அது போனஸ் லைனுங்க. மாப்ள தாண்டி வந்தா ஒரு பாயிண்டு" என்றார். மாப்பிள்ளை நிஜமாகவே பார்த்து, தாண்டி வந்து உட்கார்ந்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே உள்விளையாட்டு அரங்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. கூரை, மேட், விளக்கு எல்லாம் உண்டாம். அப்போது விளையாட்டு ஆர்வலர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கேரம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊரே குதிக்கும் என்று நினைத்தேன். ஊர் குதிக்கவில்லை. டீக்கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"கரும்பு வெட்டவே ஆள் கெடைக்கல, இதுல ஆடுறதுக்கு எவன் வரப் போறான்?" என்றார் ஒரு விவசாயி.

"கட்டுனாலும் பூட்டித்தான் வெப்பாங்க. சாவி யாராண்ட இருக்கும்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார் இன்னொருவர்.

கருத்துக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அதிகாரி திரையில் படம் காட்டினார். கண்ணாடிக் கட்டடம், பச்சைப் புல்தரை, அதில் கவுன் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள். பந்தல்காரர் எழுந்தார்.

"சார், நாய புடிச்சிக்கினு போறாங்களே, அந்த அம்மா எந்தத் தெரு?"

ஹால் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, "அது சும்மா மாதிரிக்குப் போட்டதுங்க" என்றார்.

"அப்ப கட்டடமும் மாதிரிக்குத்தானா?"

அதற்கப்புறம் அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் பந்தல்காரர் விடுவதாயில்லை. மழை பெய்தால் கூரை ஒழுகுமா? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? சாயங்காலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? மேட் கனமாக இருக்குமா, விழுந்தால் முட்டி தாங்குமா? எனக்கு எரிச்சலாக வந்தது. வருகிற நல்ல காரியத்தைக் கெடுக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "இதெல்லாம் வராது சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கை தட்டினார்கள்.

ஆனால் வைகாசியில் அடிக்கல் நாட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பந்தல் பொறுப்பு எங்கள் சங்கத்துக்கு. நேரே பந்தல்காரர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, பந்தல் உங்களுதுதான்."

"போட மாட்டேன்."

"ஏன், அன்னிக்கு முகூர்த்தம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. போட மாட்டேன் சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வராது வராதுன்னு சொல்லிச் சொல்லியே ஊரைக் கெடுத்தீங்க. இப்ப வரும்போது கூடவா முட்டுக்கட்டை போடணும்? உங்க பொண்ணு ஆடுற ஆட்டம் இது, ஞாபகம் இருக்கா?" என்று கத்தினேன்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தார். "கத்தாதீங்க தம்பி. அந்தப் பொண்ணுக்காகத்தான் ரெண்டு நாளா சோறு எறங்காம பொலம்பிக்கினு கீறாரு."

பந்தல்காரர் தலையைத் தூக்காமல் சொன்னார். "இத்தினி கல்லுக்கும் நான்தானே சார் பந்தல் போட்டேன்? ஒண்ணாச்சும் எழுந்து நின்னுச்சா? இது எம் பொண்ணுக்கு வரணும் சார். நான் கை வெச்சா பூடும். உளுந்தூர்பேட்டைல ஒருத்தன் கீறான். நல்ல கை. அவன் பந்தல் போட்ட எடத்துல பெட்ரோல் பங்க்கே வந்துடுச்சி. அவன வெச்சிக் கட்டிக்குங்க."

அட மனுஷா! அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, உளுந்தூர்பேட்டைக்காரருக்குப் போன் செய்தேன்.

விழா அன்று பந்தல்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் பந்தலுக்குள் வரவில்லை. அதன் நிழல்கூட மேலே படக்கூடாது என்று சாலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார். தேன்மொழியும் அவள் அணிப் பெண்களும் விருந்தினரை வரவேற்கக் கிழக்கு மூலையில் வரிசையாக நின்றார்கள். நான் அவரிடம் போனதும் காதைக் கடித்தார்.

"கெழக்கு மூலைல கயிறு தளர்ச்சியா கீது சார். கண்ணாலத்துக்குக் கட்டிக்கீறான், காத்துக்குக் கட்டல. போயிச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

போய்ச் சொன்னேன். உளுந்தூர்பேட்டைக்காரர், "எங்களுக்குத் தொழில் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

கல்லை நட்டார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இந்த அரங்கம் புயல் வேகத்தில் எழும்பும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கோடை மழைக்கு முந்தின காற்று வந்தது. சாமியானா உப்பியது. கிழக்கு மூலைக் கம்பம் குழியை விட்டு எழும்பி, பெண்கள் நின்ற பக்கமாகச் சாய்ந்தது. ஜனங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். உளுந்தூர்பேட்டைக்காரர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

எதிர்ப்பக்கம் ஓடி வந்தது பந்தல்காரர் ஒருவர்தான். சாலையைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். அதை நான் பார்த்தேன். பிறகு பாய்ந்து அந்த இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பொண்ணுங்களா, வெளிய ஓடுங்கடி! டேய், எவன்டா அங்க, அந்தக் கயித்த இழுங்கடா! மேடைத் துணிய அறுத்துவுடு!" அவர் போட்ட சத்தத்தில் ஓடியவர்கள் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தார்கள். சிறப்பு விருந்தினர் மேல் ஒரு துணி விழுந்தது, அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

காற்று நின்றது. மழையும் வரவில்லை. பந்தல்காரர் மட்டும் கம்பத்தை விடவில்லை. தேன்மொழி வந்து அவர் விரல்களைப் பிரித்தாள். "வுடுப்பா. காத்து நின்னுடுச்சி."

"கை வெச்சிட்டனேம்மா" என்று குழந்தை மாதிரி அழுதார்.

"போவட்டும்பா. நீ புடிக்கலன்னா நாங்க இன்னா ஆயிருப்போம்?"

அதன்பின் ஓர் இயந்திரம் வந்து தூணுக்குக் குழி தோண்டியது. தோண்டிவிட்டுப் போனது. குழியில் மழைத் தண்ணீர் நின்றது, தவளை வந்தது. டீக்கடையில் ஒருவர், "பந்தல்காரன் கை பட்டுச்சில்ல, இனி எங்க வரும்?" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. அத்தனை பிள்ளைகள் தலையைக் காப்பாற்றிய கையை ராசியில்லாத கை என்று சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

போன வாரம் சாயங்காலம் பந்தல்காரர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார். தேன்மொழி அடுத்த அணித் தேர்வுக்குப் போகிறாள், கம்பளத்திலேயே பழகிக்கொண்டிருக்கிறாள் என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், வருமா?"

அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. குழியில் தவளை கத்துவது எனக்கும் தெரியும்.

"வரும்ணே" என்றேன்.

எந்தத் தேதி, யார் சொன்னது, எழுதிக் கொடுத்தார்களா என்று குடைவார் என எதிர்பார்த்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரி சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி மனு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எதையுமே நம்பாத மனிதர் என்னை நம்பிவிட்டாரே, வேறு என்ன செய்வேன்?